இமைக்காத கண்

ஒன்றரை வயது ஆயத் தன் கீழுதட்டைத் தானே கடித்துக் கிழித்திருந்தாள். ரத்தம் சட்டைவரை வழிந்தும் அழவில்லை. பாட்டில் மூடியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

புதுப்பட்டினம் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜுனைத், மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் மகளைப் பார்த்து வாசலிலேயே நின்றான். ஒரே மாதத்தில் இது மூன்றாவது காயம். பக்கத்து வீட்டுச் செங்கம்மாள், தாய்தான் பிள்ளையை அடிக்கிறாளோ என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள் என்பது அவன் மனைவி அமீனாவுக்குத் தெரியும்.

"நீ ஏதாச்சும் பண்ணியா?"

"நான் இன்னா பண்ணுவேன்? அதுவே கடிச்சிக்குது."

"இவ்ளோ ரத்தம் வந்தா எந்தப் புள்ளையாச்சும் கத்தாம இருக்குமா?"

இரண்டு நாள் கழித்துக் குழந்தையின் வலது கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார்கள்.

கண் டாக்டர் ரோகிணி பஞ்சைத் திரித்து நூலாக்கினார். பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய்க் கருவிழியைத் தொட்டார். ஆயத் இமைக்கவே இல்லை; டாக்டரின் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கண்ணிலும் அப்படித்தான். ஆனால் உள்ளங்காலைக் கிள்ளியதும் வீறிட்டு அழுதாள்.

"முகத்துல படுற தொடுதல், வலி, சூடு எல்லாத்தையும் மூளைக்குச் சொல்ற நரம்பு ஒண்ணு இருக்கும்மா. கண்ணு நெத்திக்கு ஒரு கிளை, கன்னத்துக்கு ஒண்ணு, தாடைக்கு ஒண்ணு. இவளுக்கு அது சரியா உருவாகல. கண்ணுல மண்ணு விழுந்தாலும் தெரியாது. உதட்ட கடிச்சாலும் தெரியாது."

"எப்போ உருவாவும் அது?"

"வயித்துல நாலாவது, அஞ்சாவது வாரத்துலயே ஆரம்பிச்சிரும்."

"அப்போ உண்டானதே எனக்குத் தெரியாதே மேடம். காய்ச்சலுக்கு மாத்திர போட்டேன்."

"அதனாலன்னு சொல்ல முடியாதும்மா. ஏன் இப்படி ஆகுதுன்னு எங்களுக்கே தெரியாது."

யாராவது காரணம் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வலது கருவிழியில் இருந்த புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் இனி நிழல்தான் தெரியும் என்றார்கள். மறுபடி புண்ணாகாமலிருக்க இமையைப் பாதி தைத்து அனுப்பினார்கள். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. தூங்கும்போது கைக்குத் துணியுறை. கடற்காற்று மண்ணை வாரியடிக்கும் தெருவில் இறங்கினால் நீச்சல் கண்ணாடி. பாலோ சோறோ, அமீனா தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்த பிறகே ஊட்டினாள்.

ஒரு சாயங்காலம் ஜுனைத் ஆயத்தின் கண்ணில் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, குழந்தையை மடியிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கி அப்பிடி கேட்டிருக்கக் கூடாது, அமீனா."

"கேட்டுட்டீங்க இல்ல."

"தெரியாம கேட்டுட்டேன்."

"எனக்கும்தான் தெரியாது. நான் உங்களக் கேக்கலியே."

ஆயத் விரலை வாய்க்குள் விட்டுக் கடிக்கப் பார்த்தாள். அமீனா எட்டி அதை மெல்ல வெளியே எடுத்துவிட்டு, பாலை ஆற்ற அடுப்படிக்குப் போனாள்.