பூட்டச் சொன்னது யார்?

பெண்கள் விடுதியில் புகை சூழ்ந்த மறுநாள், இதழியல் துறையின் பயிற்சி ஆசிரியைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாணவர் வானொலியின் மதியச் செய்தி அவள் பொறுப்பு. பின்படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்ததால் ஒரு மாணவி சன்னல் வழியே குதித்துக் காலை முறித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகப் பதிவாளர் செய்தியாளர்களைச் சந்திக்கப் போகிறார். யாரை அனுப்புவது?

“நான் போறேன்,” என்றான் மாமா. பல வருடம் லாரி ஓட்டிவிட்டு, மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு படிக்க வந்தவன். வகுப்பு முழுக்க அவனுக்கு மருமக்கள்.

“நானும்,” என்றாள் தந்தி. பேச்சு திக்கும் என்பதால் எதையும் நாலு வார்த்தையில் முடிப்பவள். அந்தப் பட்டப்பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டவள். விடிந்ததிலிருந்து விடுதிப் பெண்களிடம் பேசி விவரம் திரட்டியதும் அவள்தான்.

“கேள்விய நீ கேளு. மாமா மைக் பிடிக்கட்டும்.”

சொல்லிவிட்டாளே தவிர, ஆசிரியைக்கு மனம் கேட்கவில்லை. பொறுக்கமாட்டாமல் தானும் கூடவே கிளம்பினாள்.

கூட்ட அறையின் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றாள். பதிவாளர் பேசி முடித்ததும் தந்தி எழுந்தாள்.

“பின்கதவப் பூ... பூ...”

அறை அமைதியானது. யாரோ இருமினார்கள். அந்த வார்த்தையைத் தானே சொல்லிவிடலாமா என்று ஆசிரியையின் நாக்கு துடித்தது. பதிவாளர் முந்திக்கொண்டார்.

“பூட்டியிருந்துச்சான்னு கேக்கறீங்க, அதானேம்மா? இல்ல, திறந்துதான் இருந்தது. அடுத்த கேள்வி?”

தந்தி உட்காரவில்லை. “அதில்ல சார். பூ... பூட்டச் சொன்னது யாரு?”

“அட, பாதுகாப்புக்குத்தான் நாங்களே பூட்டச் சொன்னோம்! இதுல என்ன...” என்று எரிந்து விழுந்தவர், பாதியில் வாயை மூடிக்கொண்டார். மாமாவின் கை மைக்கோடு அப்படியே நின்றது.

திரும்பி வந்ததும் ஒலிப்பதிவு அறையில் சண்டை தொடங்கியது.

“திக்கினத வெட்டணும்,” என்றாள் தந்தி.

“ஏன்? அதுல என்ன வெக்கம்?” என்றாள் ஆசிரியை. “நீ விடாம நின்னதாலதான் அந்த ஆள் உளறினார். ஊரே கேக்கட்டும்.”

“கதவுதான் செய்தி. நா... நான் இல்ல மேடம்.”

ஆசிரியைக்குச் சுருக்கென்றது. ஊரே கேட்க வேண்டும் என்று துடித்தது யாருக்காக? தந்திக்காகவா, தன் வளர்ப்பின் பெருமைக்காகவா? “வெட்டினா, ஒட்டு வேலைன்னு பழி வரும்,” என்று மட்டும் சொன்னாள். அதுவும் பொய்யில்லை.

“வரட்டும்.”

மதியச் செய்தியில் தந்தியின் குரல் வரவில்லை; கேள்விகளைச் செய்தி வாசிப்பவர் சொன்னார். பதிவாளரின் இரண்டு பதில்களும் அடுத்தடுத்து ஒலித்தன. சாயங்காலத்துக்குள் பின்கதவின் பூட்டு கழன்றது. கூடவே, ஒலிப்பதிவைத் திரித்துவிட்டார்கள் என்று பதிவாளரின் புகாரும் வந்தது.

மறுநாள் துறைத் தலைவர் அறையில் முழுப் பதிவையும் போட்டார்கள். பதிவாளரும் வந்திருந்தார். தந்தியின் திக்கல், யாரோ இருமியது, அந்த நீண்ட அமைதி, எல்லாம் மறுபடி கேட்டன. ஆசிரியை நாற்காலி நுனியில் நெளிந்தாள். தந்தியோ கண்ணை மூடி, யாரோ ஒருத்தியின் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டாள். ‘நாங்களே பூட்டச் சொன்னோம்’ என்ற இடம் வந்ததும் பதிவாளர் கைப்பேசியைப் பார்த்தபடி எழுந்தார். “சரி, விடுங்க,” என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை.

வெளியே வந்ததும் மாமா பொங்கினான். “மருமகளே, மனுசன் மூஞ்சியப் பாத்தியா? பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டார்!”

தந்தி சிரிக்கவில்லை. “அந்த அமைதி... ரொம்ப நீளம்.”

“ஆமா,” என்றாள் ஆசிரியை.

“பேசும்போது தெ... தெரியல எனக்கு.”

ஆறுதல் சொல்வதா, பாராட்டுவதா? அதற்குள் தந்தி பையைத் தோளில் மாட்டினாள்.

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு. கால் ஒடிஞ்சவகிட்ட பேசணும்.”

“நானும் வரட்டா?”

“வே... வேண்டாம் மேடம். டீச்சரைக் கண்டா பயந்துடுவா.”

தந்தியும் மாமாவும் படியிறங்கிப் போனார்கள். ஆசிரியை கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே போய் உட்கார மனம் வரவில்லை. அவர்கள் பேருந்து ஏறும்வரை பார்த்தாள். ஏறிய பிறகும் நின்றாள்.