பூசணிக்குப் போட்ட பலகைப் பாதை

கீழ்வீட்டு நர்ஸ் மண்டி போட்டு உட்கார்ந்து பூசணி இலையைத் திருப்பினாள். காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்தாள். இலையின் அடியில், நரம்பு பிரிகிற கவட்டையில், செம்பு மணிகளை வரிசையாக ஒட்டி வைத்தது போல முட்டைகள். விரலை மெல்ல அழுத்தி எடுத்தாள். முட்டைகள் மொத்தமும் பிளாஸ்திரியோடு வந்துவிட்டன, இலையில் ஒரு கீறல் இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் "ஒண்ணுமே இல்ல, முடிஞ்சிடுச்சு" என்பார்களே, அந்த முகத்தோடு அடுத்த இலைக்குப் போனாள்.

முட்டையின் நிறம் வரைக்கும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். என் பால்கனி முதல் மாடியில்தான் இருக்கிறது. நான் வேவு பார்க்கிறேன் என்பார் எங்கள் வீட்டுக்காரர். துணி உலர்த்துகிறேன் என்பேன் நான். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு துணி சேராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதில்தான் எங்கள் குடித்தனம் ஓடுகிறது.

நர்ஸின் புருஷன் கார்பெண்டர். போன வருஷம் பட்டறையில் மரம் அறுக்கிற மிஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்னால் அந்த வீட்டிலிருந்து காலையில் விசில் சத்தம் கேட்கும். பாட்டு என்னவென்று கண்டுபிடிக்கவே முடியாது, ஆனால் கேட்கும். விரல் போன பிறகு விசிலும் போயிற்று. ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவில் யார் போனாலும் வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். நான் போனாலும்தான். நானென்ன விரலை எண்ணிப் பார்க்கவா போனேன்? சரி, பார்த்தேன். யாருக்குத்தான் கண் போகாது?

மழைக்குப் பிறகு நர்ஸ் வீட்டுக்குப் பக்கத்தில் வேலியோரம் கிடந்த காலி மண்ணைக் கொத்திப் பூசணி விதை போட்டாள். தண்ணீர் விடப் போய் வருகையில் செருப்பெல்லாம் சேறு, சேறெல்லாம் சமையலறையில். ஒருநாள் கார்பெண்டர் எழுந்தார். மூலையில் கிடந்த பலகைகளை வெளியே இழுத்தார், இடது கையில் ரம்பத்தைப் பிடித்தார். முதல் பலகை கோணலாகப் போயிற்று. அதைத் தூக்கிச் சுவரில் அடித்தார். மறுநாள் வேறொன்றை எடுத்தார். அந்த மாதம் முழுக்க நான் துணி உலர்த்தியபடியே இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பாத்தியைச் சுற்றி ஒரு பலகைப் பாதை எழும்பியது. என்ன பாதை! ஓரமெல்லாம் இழைத்து, மூலையெல்லாம் பொருத்தி, கல்யாண மண்டபத்து மேடை தோற்றுப்போகும். தண்ணீர் நிரம்பிய டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார்:

"அக்கா! ஆடுதா பாருங்க! ஆடிச்சுன்னா கேளுங்க!"

அது ஆடவில்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே காற்றுகூட நுழையாது என்றார். மறுநாள் காலையில் விசில் கேட்டது.

அதற்கப்புறம்தான் பூச்சி வந்தது. பூசணி விதையையே கருக வறுத்துக் கால் ஒட்டிவிட்ட மாதிரி தட்டையான பூச்சி. நசுக்கினால் குடலைப் புரட்டுகிற நாற்றம். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் கூட்டம் கூட்டமாக இலையடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். இலை முதலில் மஞ்சள் புள்ளி போடும், பிறகு நனைந்து காய்ந்த செய்தித்தாள் மாதிரி மொடமொடத்துவிடும். நர்ஸ் தினமும் காலையில் முட்டையை ஒட்டி எடுப்பாள், குஞ்சுகளைச் சோப்புத் தண்ணீரில் தட்டிவிடுவாள். மறுநாள் அதே அளவு மறுபடியும் இருக்கும். கொடியில் பிடித்த பிஞ்சுகள் ஒவ்வொன்றாக வெம்பி விழுந்தன. ஒன்றே ஒன்று மட்டும் பாதையின் ஓரத்தில் உருண்டு திரண்டு நின்றது.

"மருந்து அடிச்சுத் தொலைக்க வேண்டியதுதானேம்மா?" என்று மேலிருந்து கேட்டேன்.

"பூ விரியுற நேரம்க்கா. மருந்தடிச்சா தேனீயும் செத்துடும். அப்புறம் ஆம்பளைப் பூவுக்கும் பொம்பளைப் பூவுக்கும் யாரு தூது போறது, நீங்களா?"

அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்தத் தெருவில் இல்லைதான். சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் வெயில் தாழ்கிற நேரம் பார்த்தேன். இலைகளிலிருந்து பூச்சிகள் இறங்கின. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி எல்லாம் ஒரே பக்கமாகப் போயின. நேராகப் பலகைப் பாதைக்கு. ஓரத்தில் மண்ணுக்கும் மரத்துக்கும் இடையே ஒவ்வொன்றாக நுழைந்து மறைந்தன. இருட்டு, ஈரம், மேலே மழை படாத கூரை. இதைவிட நல்ல வாடகை வீடு யாருக்குக் கிடைக்கும்?

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கீழே இறங்கினேன். இப்படி ஒரு சேதி கையில் இருக்கும்போது எனக்கு மூட்டுவலி இருப்பதில்லை.

"பலகையத் தூக்கிப் பார்த்தியாம்மா? அத்தனையும் அங்கதான்..."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். இலையைப் பிடிக்கிற பிடி அல்ல அது.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா சும்மா இருக்க? இருக்கிற ஒரே காயும் போயிடுமே!"

"போகட்டும். அவர் எந்திரிச்சு நின்னதே அந்தப் பலகை மேலதான். அதுதான் செடியைக் கொல்லுதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், வாயைத் திறந்துடாதீங்க."

என்னிடம்! ஊரிலிருக்கிற அத்தனை வாயையும் விட்டுவிட்டு இந்த வாயிடம் போய்!

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. "உடம்புக்கு என்ன?" என்று கேட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார் மனிதர்.

நர்ஸ் வேலைக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் கார்பெண்டர் பாதையின் நடுவில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தார். கொடியின் ஒரு கை முழுக்க வாடித் தொங்கியது.

"அக்கா, மேலேர்ந்து எல்லாத்தையும் பார்க்குறீங்களே. எங்கேர்ந்துதான் வருது இந்தச் சனியன்?"

நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஈரத்துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல தம்பி" என்றேன்.

சொன்ன மறு நொடியே தப்பு செய்துவிட்டேன் என்று புரிந்தது. எதிர்வீட்டுக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று இங்கிருந்தே கண்டுபிடித்துச் சொன்னவள் நான். மனிதர் என்னையே பார்த்தார். நான் பார்க்கக் கூடாத இடத்தைத் தவிர எல்லா இடத்தையும் பார்த்தேன். அவர் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். தன் காலடியைக் குனிந்து பார்த்தார்.

உள்ளே போய்த் திருப்புளியோடு வந்தார். இடது கையால் திருகாணிகளைக் கழற்றி, முதல் பலகையைப் புரட்டினார். அடிப்பக்கம் கறுப்பாக நெளிந்தது.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வேலை முடிந்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபோதும் அப்படியேதான் இருந்தார்.

"உனக்குத் தெரியும்."

"ம்."

"காய் போனாலும் பரவால்லன்னு விட்டுட்ட?"

"காய் அடுத்த வருஷமும் காய்க்கும்."

"என்னைப் பத்தி என்ன நெனச்ச நீ?" குரல் தெருவுக்கே கேட்டது. "நாலு பலகையக் கழட்டினா மறுபடி போர்வைக்குள்ள போய்ப் படுத்துக்குவேன்னா? போட்டவனுக்குக் கழட்டத் தெரியாதா?"

நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். அவர் கையிலிருந்த பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒரு பூச்சி விரலில்லாத இடத்தைத் தாண்டிப் புறங்கைக்கு ஏறியது. உதறினார்.

"ஆனா ஒண்ணு பாத்தியா? அடியில இவ்வளவு குடும்பம் நடந்தும், பலகை ஒரு நூல் நகரல."

நர்ஸ் அழுகையோடு சிரித்துவிட்டாள். மேலே நானும்தான். "காத்து நுழையாது, பூச்சி நுழையும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி!" என்றேன். வாய் திறந்துகொண்டதில் உடம்பே லேசாகிவிட்டது.

பாதை முழுதும் கழற்றப்பட்டது. ஒரு பலகையை மட்டும் அவர் திருப்பிக் கொண்டுவந்து செடிப்பக்கத்தில் ஆணியில்லாமல் போட்டுவைத்தார். பூச்சிகள் பழக்க தோஷத்தில் இரவெல்லாம் அதற்கடியில் வந்து கூடும். காலையில் புரட்டி, சோப்புத் தண்ணீர் வாளியில் வழித்துத் தள்ளிவிடலாம். மிச்சப் பலகைகளில் அந்த ஒற்றைக் காய்க்கு ஒரு மணை செய்தார். ஈர மண் படாமல் இருக்கத்தான், ஆனால் கால்களுக்குக் கடைசல் எதற்கு, ஓரத்தில் பூ வேலை எதற்கு என்று நீங்கள் அவரைத்தான் கேட்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் வேலி மேல் சாய்ந்து பார்க்கிறார்கள். எங்கள் தெருப் பூசணி என்று நான் அடுத்த தெரு வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை யார் வாயை மூடச் சொன்னாலும் முடியாது.

காய் இன்னும் பச்சைதான். காம்பு காய வேண்டும், தோல் இறுக வேண்டும், பூச்சியும் அடியோடு தீர்ந்துவிடவில்லை. இன்றைக்குக் காலையில் துணியோடு வந்து நின்றேன். இரண்டு பேரும் பலகைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகக் குந்தியிருந்தார்கள். வாளி பக்கத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. தூக்குவதற்காக நர்ஸ் கையை நீட்டினாள். அவர் வலது கையைப் பலகைக்கு அடியில் நுழைத்தார். வலது கைதான், நன்றாகப் பார்த்தேன். அவள் தன் கையை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பலகை ஒரு ஓரமாக மண்ணிலிருந்து எழும்ப ஆரம்பித்தது. விசில் சத்தம் கேட்டது, என்ன பாட்டு என்று இன்றைக்கும் தெரியவில்லை.