ஒட்டாத பை

பை ஏன் ஒட்டமாட்டேன் என்கிறது என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை. தோலைக் கழுவித் துடைத்து, ஈரம் போக விசிறி, உள்ளங்கைச் சூட்டில் அழுத்திப் பிடித்தும் பார்த்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் ஓரம் கிளம்பி, கணவரின் சட்டை நனைந்துவிடுகிறது. இத்தனைக்கும் அவள் தையல்காரி. வெட்டுவதிலும் பொருத்துவதிலும் கைதேர்ந்தவள்.

டைபாய்டு அவருடைய சிறுகுடலில் புண் வைத்து, புண் ஓட்டையாகி, வயிறெங்கும் சீழ் பிடித்துவிட்டது. அவ்வளவு நொந்துபோன குடலில் தையல் நிற்காது என்று, டாக்டர் அதன் முனையை வயிற்றுக்கு வெளியே இழுத்துத் தோலோடு தைத்துவிட்டார். உண்பதெல்லாம் நீராக அதன் வழியே, சுற்றித் தோலில் ஒட்டிய பையில் இறங்கும். எடை கூடினால்தான் குடலை மறுபடி இணைத்து உள்ளே வைக்க முடியும்.

எடைதான் கூடவில்லை. ஒழுகலுக்குப் பயந்து அவர் சாப்பாட்டையே குறைத்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு வாய்ங்க."

"உள்ள போனா வெளிய வரும். நீ தைச்ச சட்டை ஒண்ணாவது பிரிஞ்சிருக்கா? என் வயித்துமேல மட்டும் என்னடி வஞ்சனை?"

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. துடைத்தாள், கழுவினாள், மாற்றினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, கட்டுப்போடும் அறையில் நர்ஸ், "என் முன்னாடி மாத்துங்க, பாப்போம்" என்றார்.

அவள் ஓர் அட்டையை எடுத்தாள். நடுவில் குடல்முனையின் அளவுக்கு வட்டமாக ஓட்டை நறுக்கிய அளவு அட்டை அது. அதைப் பையின் ஒட்டும் பக்கத்தில் வைத்து வட்டம் வரைந்து, பிசிறில்லாமல் வெட்டினாள். நர்ஸ் அந்த அட்டையை வாங்கி அவர் வயிற்றில் வைத்துப் பார்த்தார். குடலுக்கும் அட்டைக்கும் நடுவே வெந்த தோல் வளையமாகத் தெரிந்தது.

"இது எப்ப எடுத்த அளவு?"

"ஆபரேஷன் முடிஞ்ச கையோட, வார்டுல எடுத்தது சிஸ்டர்."

"அப்ப குடல் வீங்கியிருந்துச்சு. இப்ப வீக்கம் வடிஞ்சு சின்னதாயிடுச்சும்மா. மெலிஞ்சுபோன ஆளுக்குப் பழைய அளவுலயா சட்டை தைப்பீங்க?"

"தையக்காரியக் கட்டாதடான்னு அப்பவே சொன்னாங்க" என்றார் படுத்திருந்தவர்.

சிறுகுடல் நீருக்குச் சோறும் தோலும் ஒன்றுதான். பட்ட இடத்தைச் செரிக்கப் பார்க்கும். இடைவெளியில் அது தேங்கித் தோலை அரிக்க, அரித்த தோல் கசிய, கசிவில் பசை விட்டுப்போயிற்று.

அவளுக்கு வெட்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை. அளவு நாடாவை எடுத்தாள். வெந்த தோலில், ஈரம் உறிஞ்ச நர்ஸ் கொடுத்த பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, குடலைப் புதிதாக அளந்து, சுற்றிலும் நூலளவு மட்டும் இடம் விட்டு வெட்டி ஒட்டினாள். மறுநாள் அவர் தட்டைக் காலி செய்தார், பை அசையவில்லை. வீக்கம் முழுக்க வடியும்வரை வாரந்தோறும் அளந்து வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.