ஏழாம் நம்பர் பஸ்ஸின் ரெட்டை விசில்

மேலப்புதூரில் ஓட்டப் பந்தயத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட வேண்டும். மைதானத்தில் மிளகாய் காயும். அதை மிதித்தால் யார் பதில் சொல்வது? அங்கே சர்க்கரை வியாதிக்காரர்கள்கூட விடியற்காலையில் கட்டிலில் இருந்தபடி கண்ணை மூடி நாலு கிலோமீட்டர் நடந்து, வேர்வையைத் துடைத்துவிட்டுத்தான் காபிக்கு உட்காருவார்கள். பந்தயத்தில் தீர்ப்பு சொல்வதும் சுலபம். ஜெயித்தவர் கண்ணைத் திறக்கும்போது முடிவுக் கோட்டு நாடா அவர் நெஞ்சில் கிடக்கும்.

இசக்கியம்மாள் நெஞ்சில் அது ஒருநாளும் கிடந்ததில்லை. ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். சும்மா சொல்லக்கூடாது, மனசுக்குள் அவள் கட்டுகிற மைதானத்தைப் போல யாராலும் கட்ட முடியாது. சுண்ணாம்புக் கோடு, எதிர்க்காற்று, கால்விரலில் ஒட்டும் செம்மண், இடது முழங்காலின் பழைய வலி, ஒன்றையும் விடமாட்டாள். பயிற்சியில் நானூறு மீட்டரை எழுபது நொடியில் முடித்துவிட்டு மூச்சு வாங்குவாள். ஆனால் பந்தயத்தன்று நடுவர் ஒரு விசில் ஊதுவார். இவள் அப்படியே நின்றுவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக ஒற்றை விசிலுக்கு வண்டி நிற்கும், ரெட்டை விசிலுக்குக் கிளம்பும். கால் லேசில் மாறுமா? ஆபீஸ்களுக்குள் வருஷாவருஷம் நடக்கும் பந்தயத்தில் டிப்போவுக்காக ஓடிய நாலு வருஷமும் கடைசி.

டிப்போவில் கோப்பை வைக்கவென்று சுவரில் அடித்த பலகை வெறுமனே கிடந்தது. கரண்ட் ஆபீஸில் ரெண்டு கோப்பை, ஆஸ்பத்திரியில் மூன்று. வருகிற ஆவணியில் அவளுக்கு ஐம்பது. அப்புறம் மூத்தோர் பெஞ்சுதான். அங்கே நடைப்போட்டி மட்டும். அந்தப் பலகையில் தூசி படிய அவள் விட்டதில்லை.

“நடுவர்ட்ட ரெண்டு தடவை ஊதச் சொல்லிக் கேட்டா என்ன, தங்கச்சி?” என்றார் டிரைவர் தங்கப்பழம்.

“அவர் எதுக்கு அண்ணாச்சி ஊதணும்? என் வண்டிக்கு நான்தானே விசில்.”

பந்தயத்தன்று காக்கிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தாள். எட்டுப் பெண்களும் கண்ணை மூடினார்கள். நடுவர் ஊதினார். ஏழு பேர் பறந்தார்கள். நர்ஸ் டெய்சிராணி முதல் வளைவையே தாண்டிவிட்டாள். இசக்கியம்மாள் நின்றாள். நின்றவள் முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்து, படியில் யாரும் தொங்கவில்லை என்று தெரிந்துகொண்டாள். பிறகு மனசுக்குள் தன் சொந்த விசிலை எடுத்து ரெண்டு தடவை ஊதினாள்.

கால் கிளம்பிவிட்டது.

மற்ற ஏழு பேரும் வருஷக்கணக்காக அவள் வண்டியில் போய்வருகிறவர்கள். அவள் ரெட்டை விசில் கேட்டால் கம்பியைப் பிடிக்காமல் இருப்பார்களா? ஓடிக்கொண்டிருந்தபடியே எல்லோர் கையும் மேலே போய்க் கம்பியைப் பிடித்தது. கம்பி இருந்தால் வண்டியும் இருக்கத்தானே செய்யும்? ஏழாம் நம்பர் அவர்களை ஏற்றிக்கொண்டு வேகம் எடுத்தது. இசக்கியம்மாள் கடைசி வளைவில் அதையும் முந்தினாள். வண்டி ரயில்வே கேட் பக்கம் திரும்ப, அவள் நேரே போனாள்.

கண்ணைத் திறந்தாள். வேர்வையில் நனைந்த நாடா அவள் நெஞ்சில் கிடந்தது. அறுபத்தாறு நொடி.

“எங்க டிப்போ, எங்க டிப்போ” என்று தங்கப்பழம் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். இசக்கியம்மாளுக்கோ பெருமை தாங்கவில்லை. சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

மற்ற ஏழு பேரும் பெஞ்சில் ஒரு கையை உயர்த்தியபடி, கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“அவங்களையும் கொஞ்சம் இறக்கி விட்டுருங்கம்மா” என்றார் நடுவர்.

இசக்கியம்மாள் மறுபடி கண்ணை மூடி வண்டியில் ஏறினாள். அவள் வண்டியில் டிக்கெட் இல்லாமல் இதுவரை யாரும் போனதில்லை. ஏழு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள்.

“நல்ல ஓட்டம்க்கா” என்றாள் டெய்சிராணி, டிக்கெட்டை வாட்ச் பட்டைக்குள் செருகிக்கொண்டு.

ரயில்வே கேட்டில் ஒற்றை விசில் கொடுத்தாள். கண்ணைத் திறந்தபோது பெஞ்சில் ஏழு இடமும் காலி. பத்திரமாக இறங்கிவிட்டதாக கேட் டீக்கடையிலிருந்து போன் வந்தது. முன்படியில் முதலில் இறங்கியது டெய்சிராணி என்று விசாரித்து, நடுவர் ரெண்டாம் பரிசை அவள் பெயருக்கு எழுதினார்.

சாயங்காலம் டிப்போவில் கோப்பையைப் பலகைமேல் வைத்தார்கள். அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருந்தது. இசக்கியம்மாள் தள்ளி நின்று பார்த்து, சரியாக நடுவில் வரும்போது ஒற்றை விசில் கொடுத்தாள்.

கோப்பை நின்றது.