நான்கு கிராம் சோடா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மெல்பர்னில், வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடை வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்மணி யாரிடமோ, "தண்ணி என்னை ஏமாத்திருச்சு" என்றார். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விடிந்ததும் டெஸ்லி அடுப்பைப் பற்ற..."

[வேண்டாம். அவள் ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்திருக்கிற ஆள் இல்லை.]

டெஸ்லி ஐம்பத்தெட்டு வயதில் விவாகரத்து வாங்கிக்கொண்டு அடிலெய்டிலிருந்து வந்தவள். இருபது வருடமாக அவள் காய்ச்சிய கறுப்பு பீருக்கு அங்கே அத்தனை பெயர். முன்னாள் கணவன் ராஸ் மட்டும், "பக்குவம் என்னுது, அவ சும்மா கிண்டுவா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். மெல்பர்னில் காய்ச்சிய மூன்று தடவையும் பீர் புளித்து நாக்கைக் கீறியது. ராஸ் சொன்னதுதான் உண்மையோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது. [எனக்கும்தான். இவளை நம்பாமல் ஒரு வாரம் எழுதாமல் கிடந்தேன்.]

3

பீர் சங்கத்தில் அவளுக்கு வாய்த்த ஒரே சிநேகிதன் ஸ்டாவ்ரோ, குழாய் வேலை பார்ப்பவன். ஒரு வாய் குடித்தான். முகம் அஷ்டகோணலாகப் போயிற்று.

"டெஸ், இதை சாலட்ல ஊத்து. வினிகர் மிச்சம்."

"போடா எருமை. அதே பார்லி, அதே அளவுதான் போட்டேன்."

"தண்ணி?"

"குழாய்த் தண்ணி. பின்ன, புனித நீரா?"

"அங்கதான் கோட்டை விட்ட. கருக வறுத்த பார்லி புளிப்பைக் கக்கும். உங்க ஊரு தண்ணியில சுண்ணாம்புச் சத்து இருக்கு, அதுவே அடக்கிரும். எங்க ஊரு தண்ணி பரம சாது. யாரையும் அடக்காது."

டெஸ்லிக்குச் சுருக்கென்றது. அப்படியானால் இருபது வருடமாக அந்த பீரைக் காய்ச்சியது ராஸும் இல்லை, அவளும் இல்லை. அடிலெய்டு குழாய்! அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ராஸையும் சேர்த்து அது கவிழ்த்துவிட்டதை நினைத்ததும், ஸ்டாவ்ரோ பயப்படும் அளவுக்குச் சிரித்தாள்.

4

மெல்பர்ன் தண்ணீரிலும் அந்தச் சத்தைச் சேர்க்கலாமென்று சுண்ணாம்புத் தூளைக் கொட்டி அரைமணி நேரம் கிண்டினாள். அது கரையாமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அடுத்த தடவை, அதே புளிப்பை அடக்க, இருபது லிட்டர் தண்ணீருக்கு நான்கு கிராம் சமையல் சோடாவை நிறுத்துப் போட்டாள்.*

(* ஆமாம், ஆப்பத்துக்குப் போடுகிற அதே சோடாதான். கூடினால் உப்புக் கரிக்கும்.)

5

முடிவு ஒன்று: போட்டியில் முதல் பரிசு. [சினிமா. அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: ராஸ் வந்து குடித்து, கண் கலங்கி... [அவனா கலங்குவான்? "நான் சொல்லிக் குடுத்தது" என்பான்.]

மூன்றாவது உங்களுடையது. குவளை உங்கள் கையில் இருக்கிறது. டெஸ்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறாள். புளிக்கிறது என்றால் கோபிக்க மாட்டாள். அடுத்த தடவை அரை கிராம் கூட்டிப் போடுவாள். பிரமாதம் என்றால் இன்னொன்று ஊற்றுவாள். ஆனால் தப்பித் தவறி, "அடிலெய்டில் குடித்த மாதிரியே இருக்கிறதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குவளையைப் பிடுங்கிக்கொள்வாள், நானும் குறுக்கே வரமாட்டேன். இது அவள் காய்ச்சியது.