பதினேழு லிட்டர்

என் கணவர் ரதோய்கோ என் அண்ணனுக்குப் போன் செய்தபோது நான் ஸ்லாவா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மறுநாள் புனித நிக்கோலாவின் நாள். என் கணவர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக அந்தப் புனிதர்தான் காவல்; அந்த நாளின் வீட்டு விருந்துதான் ஸ்லாவா. என்ன பேசப்போகிறார் என்று தெரிந்திருந்தால் மாவுக் கையோடு ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கியிருப்பேன்.

“மச்சான், நாளைக்கு நீ சிரமப்பட்டு வரவேணாம். பெட்ரோல் விக்கிற வெலையில அவ்ளோ தூரம் எதுக்கு? நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம். வெயில் காலத்துல பாத்துக்கலாம்.”

மறுமுனையில் அண்ணன் வுகாஷின் சின்னதாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பேச்சு உடனே முடிந்துவிட்டது. ரதோய்கோ புண்ணியம் செய்த முகத்தோடு சமையலறைக்கு வந்தார்.

“ஒங்கண்ணனுக்குப் பதினேழு லிட்டர் மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன்,” என்றார்.

அவர் வால்யேவோ நகரத்தில் டாக்சி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்ரோலின் புது விலையை ரேடியோவில் சொல்வார்கள். ஏறுமுகமாகவே இருந்த அந்த வருடத்தில் மற்றவர்கள் பிரார்த்தனை கேட்பதுபோல அவர் அதைக் கேட்பார். பிறகு பணத்தில் கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எல்லாமே லிட்டர்தான். நான் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினால் “முப்பது லிட்டர்” என்பார். சலூனுக்குப் போய் வந்தால் தலையைப் பார்த்து “ஏழு லிட்டரா?” என்பார். சிக்னலில் எஞ்சினை அணைத்துவிடுவார். ஹீட்டர் போடமாட்டார். பின் சீட்டில் நடுங்குகிற பயணிகளிடம் குளிர் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று வைத்தியம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை நதிக்கரைக்குப் போவது நின்றது. என் தோழியைப் பார்க்கப் போவது நின்றது. அப்படி ஒவ்வொன்றாக நின்றதில் எனக்குக் கோபம் வரவில்லை, வேறு வழியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் இது வேறு.

“ஏங்க, ஸ்லாவாவுக்கு நாம யாரையாவது கூப்பிடுறதுண்டா?”

“இல்ல.”

“கூப்பிடாத விசேஷத்துக்கு வராதேன்னு சொன்ன மொத ஆளு இந்தச் செர்பியாவுலயே நீங்கதான்.”

அவர் முகத்திலிருந்து புண்ணியம் வடிந்து இறங்குவதைப் பார்த்தேன். சொன்ன பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது. ஸ்லாவாவுக்கு அழைப்பு கிடையாது. வருகிறவர்கள் வருவார்கள், கதவு திறந்திருக்கும். அதனால் ஒருவரிடம் வரவேண்டாம் என்று சொல்வதற்கு எங்களிடம் ஒரே அர்த்தம்தான் உண்டு. இந்த வாசல் இனி உனக்கில்லை. என் அப்பா ஒரு மரத்தகராறில் சித்தப்பாவுக்கு அப்படிச் சொல்லி அனுப்பினார். அதன்பின் இருவரும் சாகும்வரை பேசவில்லை. சித்தப்பாவின் சவப்பெட்டி எங்கள் வாசல் வழியாகப் போனபோது அப்பா ஜன்னலைச் சாத்தினார். அந்த அப்பாவின் ரத்தம்தான் வுகாஷினுக்கும். எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். நாளைக்கு அவன் இந்த வாசற்படியை மிதிக்காவிட்டால் இனி எப்போதும் மிதிக்கமாட்டான்.

“நல்லதுக்குத்தானே சொன்னேன்,” என்றார் ரதோய்கோ.

நல்லதுக்குத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணன் வேலை பார்த்த மரஅறுவை ஆலை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அந்தப் பென்ஷனில் அவன் எப்படிக் காலம் தள்ளுகிறான் என்பது மலைக்கு அந்தப் பக்கம் அவன் ஊருக்கு மட்டுமல்ல, இந்தப் பக்கம் எங்களுக்கும் தெரியும். பழைய யூகோ காரைத் தார்ப்பாயால் மூடி வைத்துவிட்டு, கடைக்கு யாருடைய டிராக்டரிலாவது தொற்றிக்கொண்டு போகிறான். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தெரிந்திருப்பது வேறு, போன் போட்டுச் சொல்வது வேறு. நான் நாலைந்து தடவை கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை.

மறுநாள் பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டி, ஒயின் தெளித்து, அவசரமாக அடுத்த வீட்டுக்குப் போனார். மெழுகுவத்தி எரிந்தது. வீட்டுக்குள் நுழைகிறவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். நோன்புக் காலம் என்பதால் கெண்டை மீன், வெள்ளை அவரை, வால்நட் கேக். வீட்டுக்காரர் ஸ்லாவா அன்று உட்காரக்கூடாது. ரதோய்கோ காலையிலிருந்து நின்றபடியே கிளாஸ்களை நிரப்பிக்கொண்டிருந்தார். வழக்கமாக நாற்காலி இரவல் வாங்குவோம். இந்த வருடம் நாற்காலிகள் மிஞ்சிக் கிடந்தன. தூரத்து உறவுகள் ஒவ்வொருவராகப் போன் செய்து குழந்தைக்குக் காய்ச்சல் என்றார்கள். நாட்டில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் புனித நிக்கோலா ஒரே நாளில் காய்ச்சலைக் கொடுத்திருந்தார். அவர்களாவது பொய் சொல்லி மரியாதையைக் காப்பாற்றினார்கள்.

டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அந்த நேரத்தில்தான் யூகோவின் சத்தம் கேட்டது. அந்த இருமல் எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. எஞ்சின் நிற்கவில்லை.

ரதோய்கோ கோட்டுகூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னால் போனேன். அண்ணன் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கினான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஷேவ் செய்து, டை கட்டியிருந்தான்.

“வா மச்சான், வா! ஒனக்காகத்தான் காத்திருக்கோம்.”

“நான் வரல மாப்ள. இந்தப் பக்கம் ஒரு வேலை. போற வழியில சும்மா நின்னேன்.”

அவனுக்கு இந்தப் பக்கம் எங்களைத் தவிர ஒரு ஜீவன் கிடையாது.

“மொதல்ல எஞ்சின ஆஃப் பண்ணு. உள்ள போய்ப் பேசுவோம்.”

“எதுக்கு? எம் வண்டி, எம் பெட்ரோல். ஓடட்டும்.” என்னைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைத் தட்டினான். “பெட்ரோல் வெல ஏறிடுச்சாமே? யாரோ சொன்னாங்க. எங்க பக்கம் அப்படியெல்லாம் ஒண்ணும் காணோம்.”

விருந்தாளிகள் காத்திருந்ததால் ரதோய்கோ உள்ளே போக வேண்டியிருந்தது. நான் நின்றேன். அப்போதுதான் டேஷ்போர்டில் அந்தச் சின்ன விளக்கு எரிவதைப் பார்த்தேன். பெட்ரோல் தீரப்போகிறபோது எரிகிற விளக்கு. வந்து சேர்வதற்கு மட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது, அவனை ஓங்கி ஒன்று வைக்கவேண்டும் போலவும் இருந்தது.

“அண்ணே, தட்ட வெளிய கொண்டாந்து தருவேன்னு நெனைக்காத. வாசல்ல வச்சுச் சோறு போட நீ ஒண்ணும் வாடகை டிரைவர் இல்ல. வேணும்னா உள்ள வா.”

“குளிருது, நீ போ ஸ்மில்யா,” என்றான்.

உள்ளே எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எஞ்சின் ஓடுவது யார் காதிலும் விழவில்லை என்பதுபோல ஒரு பேச்சு. ரதோய்கோவோடு டாக்சி ஓட்டும் பிளாகோயே மட்டும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் லிட்டர் வியாதிதான். ரதோய்கோ ஒயின் ஊற்றினார், மேசை விரிப்பில் ஊற்றினார், துடைத்தார், மறுபடி ஊற்றினார். வெளியே ஒவ்வொரு உறுமலுக்கும் பல் பிடுங்குவது போல அவர் கன்னம் இழுத்தது.

சட்டென்று பாட்டிலைப் பிளாகோயே கையில் கொடுத்தார். “கொஞ்சம் பாத்துக்க,” என்றார். திரும்பவும் கோட்டு போடாமல் வெளியே போனார். நான் ஜன்னலுக்குப் போனேன். அவர் காரைச் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உக்காந்துட்டானே!” என்றாள் பக்கத்து வீட்டு மிலேவா. ஸ்லாவா நாளில், மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும்போது, வீட்டுக்காரர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதுவும் அடுத்தவன் இடத்தில்.

டாக்சிக்காரர் எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் பார்ப்பது டேஷ்போர்டைத்தான். அந்த விளக்கை அவர் பார்க்காமல் இருந்திருக்க வழியே இல்லை. அவர் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. இருவரும் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரதோய்கோ ஒரு தடவை கைகளை வாயருகே வைத்து ஊதினார். அண்ணன் குனிந்து எதையோ திருப்பினான். ஹீட்டராக இருக்கும்.

கொஞ்ச நேரம் அப்படியே ஓடியது. பிறகு யூகோ இருமியது, ஒரு குலுக்கு குலுங்கியது, நின்றது. அவன் நிறுத்தினானா, தானாக நின்றதா, தெரியவில்லை. பிளாகோயே என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

வண்டியின் முகப்பு விளக்குகள் மட்டும் பனியின் மேல் எரிந்துகொண்டிருந்தன. அப்புறம் அவையும் அணைந்தன. நான் போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன். குளிர் உள்ளே பாய்ந்தது. யாரும் சாத்தச் சொல்லவில்லை. இருட்டில் காரின் ஒரு கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. இன்னொரு கதவுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.