வம்சப் புத்தகத்தில் சிலம்பம்

என் வீட்டுக்காரர் சேதுபதிக்குச் சிலம்பம் சுற்றத் தெரியும், சும்மா இருக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலக் கமிட்டியில் போய் அப்படி வாயைக் கொடுத்திருப்பாரா?

ஊர்வலத்துக்கு இரண்டு சிலம்பக் குழுக்கள். காஜா பேராங்கில் எங்களுடையது, புக்கிட் ரம்பாயில் மருதமுத்துவுடையது. எது பழைய குழுவோ அது முன்னால் போகட்டும், ஆனால் எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்றாராம் செயலாளர். இவர் எழுந்து, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் மலாக்காவுக்குக் கப்பலில் வந்த, ஜப்பான் பக்கத்து ரியூக்யூ தீவுக்காரர்களுக்குக் கம்பு சொல்லிக் கொடுத்ததே எங்கள் பரம்பரைதான், ஆதாரம் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். பரம்பரையாம், பெரிய பரம்பரை! இவருடைய அப்பா செங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தே நாற்பது வருஷம் ஆகவில்லை.

ஆள் ஒருவர் வந்துகொண்டிருந்தது மட்டும் உண்மை. யோனாமினே என்ற ரியூக்யூக்காரர், சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி வேலையாக இருந்தவர், மலாக்காவில் கம்பு விளையாட்டு உண்டா என்று கேட்டு இவருக்குக் கடிதம் போட்டிருந்தார். வரும்போது தங்கள் வம்சப் புத்தகத்தையும் கொண்டுவருவதாக எழுதியிருந்தார்.

வந்தார். ஒல்லியான மனிதர், நன்றாக மலாய் பேசினார். ஜப்பான்காரனோ என்று தெருவே முறைத்தது. ஜப்பான் காலத்தில் தின்ற மரவள்ளிக் கிழங்கை நினைத்து எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அவர் ஊரும் போரில் எரிந்துபோனதாம், அவருடைய அம்மா இந்தப் புத்தகத்தை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினாராம். அதைக் கேட்டபின் எனக்கு முறைக்க மனம் வரவில்லை. உட்காரச் சொல்லிச் சோறு போட்டேன். பெயரைக் கேட்டார், சந்திரமதி என்றேன்.

மூன்று நாளும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மூன்று நாளும் இவர் குழுவின் பன்னிரண்டு பையன்களை நிறுத்தி, சுற்று சுற்றென்று சுற்றி, பக்கத்து வீட்டுக் கூரை ஓடு ஒன்றையும் உடைத்தார். அவர் கைதட்டி ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் புத்தகம் திறந்தது. முழுக்கச் சீன எழுத்து. அவரே படித்துச் சொன்னார். அவருடைய முன்னோர் அரசன் ஆணைப்படி மலாக்காவுக்குப் போனார், பட்டு கொடுத்தார், மிளகு வாங்கினார், திரும்பியதும் பதவி உயர்ந்தது. அவ்வளவுதான்.

இவர் மெதுவாக, கம்பைப் பற்றி ஒன்றும் இல்லையா என்று கேட்டார். இல்லை, உங்கள் வம்சப் புத்தகத்தில் இருக்கும் என்றுதானே நான் வந்தேன் என்றார் அவர். வழி தெரியாத இரண்டு பேர் ஒருவரையொருவர் வழி கேட்ட மாதிரி இருவரும் விழித்தார்கள். எங்களிடம் ஏது புத்தகம்? அப்பா வந்த கப்பல் சீட்டு ஒன்று இருக்கிறது, அதையும் பாதி கரையான் தின்றுவிட்டது.

அவரே ஆறுதலும் சொன்னார். அந்தப் புத்தகங்களை ராஜா காலத்தில் அரசாங்கக் கச்சேரி பார்த்து முத்திரை போடுமாம். எந்த வேலைக்கு யார் போனார், என்ன கொடுத்தார், என்ன வாங்கினார் என்பதுதான் கச்சேரிக்கு வேண்டும். ஒருவன் முற்றத்தில் கம்பு சுற்றினால் அது அவன் சொந்தப் பொழுதுபோக்கு, எழுத மாட்டார்கள். எழுதவில்லை என்பதற்காக நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. போகும்போது, முன்னோர் முறைப்படியே இந்தப் பயணத்தையும் புத்தகத்தில் எழுதி நகல் அனுப்புகிறேன் என்றார். இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! நிச்சயமான மாப்பிள்ளைகூடத் தோற்றுப்போவான். கிளம்பினவர் கையில் நான் ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய் கொடுத்தேன்.

பத்தாம் நாள் நகல் வந்தது. கமிட்டிக்குக் கொண்டுபோகுமுன் படித்துவிடலாம் என்று சீன மருந்துக்கடை முதலாளியான தவுக்கேயிடம் போனோம். இவர் புதுச் சட்டை வேறு போட்டுக்கொண்டார். தவுக்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக மலாயில் சொன்னார்.

"மலாக்காவுக்குப் போனார். காஜா பேராங்கில் சந்திரமதி அம்மையார் மூன்று நாள் சோறும் மீன் கறியும் அளித்தார். புறப்படும்போது ஊறுகாய் ஒரு ஜாடி அளித்தார்."

"கம்பு?" என்றார் இவர்.

"கம்பு இல்லை. மீன் கறி இருக்கு."

இவர் தாளை வாங்கிப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. தாளைத் தவுக்கேயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "மருதமுத்துவே முன்னால போகட்டும்," என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இருபது வருஷமாக இவருடைய பையன்களுக்கெல்லாம் நான்தான் வடித்துக் கொட்டுகிறேன், ஆக்கினது யார் என்று ஒருத்தன் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"தவுக்கே," என்றேன், "முதல்லேருந்து இன்னொரு வாட்டி படிங்க. மெதுவா."